கிலுகிலுக்கிற பிஸ்டல்

பயப்படாதீங்கக்கா, அது சுடாது.

நீங்க அப்பப்போ முன்சீட்டை எட்டிப் பார்க்கறதைப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். ஆமா, அவரேதான். வெள்ளை வேட்டி, முறுக்கின மீசை, மடியில மஞ்சப்பை. டிக்கெட் வாங்கும்போது, "பைக்குள்ள பிஸ்டல் இருக்குது, கை படாம நில்லு தம்பி"ன்னு கண்டக்டர்கிட்ட ரகசியம் சொன்னாரே, கடைசி சீட்டு வரைக்கும் கேட்ட ரகசியம், அவர்தான் என் மாமனார். சென்னியப்பன்னு பேர். காங்கயத்துக்குத் தெக்கால நாச்சிக்காட்டுப்புதூர் எங்க ஊர். அங்க வந்து சென்னியப்பன் வீடு எதுன்னு கேட்டீங்கன்னா முழிப்பாங்க. பிஸ்டல்காரர் வீடுன்னு கேட்டா நாய்கூட வழி காட்டும்.

லைசென்ஸ் எல்லாம் இருக்குதுங்க. கோயமுத்தூர்ல துப்பாக்கிக் கடைக்கு ரிப்பேருக்குக் கொண்டுபோறோம்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினோம். நீங்க காலை நல்லா நீட்டி உக்காருங்க. இவளா? இதழினி. என் மகள். மூணு வயசு ஆகப்போகுது. உங்க வளையலைத் தொட்டா தொட்டுட்டுப் போறா, விடுங்க, நேத்து ராத்திரி என் கம்மலையே கழட்டிட்டா.

என்ன ரிப்பேர்னு கேக்கறீங்களா? உள்ளே ஒரு ஊசி இருக்குமாம். தோட்டாவோட முதுகுல போய்க் குத்துற ஊசி. அதோட மூக்கு உடைஞ்சுபோச்சு. உடைஞ்ச துண்டு அரை அரிசி அளவுகூட இருக்காது. அந்த அரை அரிசிக்குத்தான் எங்க வீட்ல உலை கொதிச்ச கொதி இருக்கே, அதை நான் சொன்னா நீங்க சூலூர் வர்றதுக்குள்ள சிரிச்சு ஒருவழி ஆயிடுவீங்க.

அது அவங்கப்பா காலத்துப் பிஸ்டலுங்க. தோட்டத்துக் காவலுக்குன்னு வாங்கினது. மாமா கைக்கு வந்தப்புறம் ஒரே ஒரு தடவை நிஜமாச் சுட்டிருக்கார். வெறிநாய் வந்துச்சாம், குறி பார்த்தாராம். நாய் தப்பிச்சுப் போச்சு. பம்புசெட்டு மோட்டார் செத்துப்போச்சு. அதோட தோட்டா போடறதை விட்டுட்டார். ஆனா பிஸ்டலை விடலை.

என்ன பண்ணுவார்னா, வெறும் பிஸ்டலைக் கையில வெச்சுக்கிட்டு ஹால்ல நாற்காலியைப் போட்டு உக்காந்துக்குவார். மேல இருக்கறதைப் பின்னால இழுத்து விடுவார். கரக். அப்புறம் விசை. டக். டி.வி.யில செய்தி வாசிக்கிற பொண்ணு, கரக் டக். ஜன்னல்ல வந்து உக்கார்ற காக்கா, கரக் டக். பால்காரன், கேஸ் சிலிண்டர் போடறவன், எங்க வீட்டுக்காரரோட கூட்டாளிங்க, எல்லாருக்கும் கரக் டக். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம், குழம்புல உப்புக் கூடிப்போச்சு. தட்டை நகர்த்தி வெச்சுட்டு என் நெத்திக்கு நேரா ஒரு கரக் டக். எனக்குக் கரண்டி கையை விட்டு விழுந்துருச்சு. எங்க வீட்டுக்காரர் நவநீதன் பக்கத்துலதான் இருந்தார். என்ன சொன்னார் தெரியுங்களா? "அப்பா உன்னைக் குடும்பத்துல ஒருத்தியா ஏத்துக்கிட்டார்"ன்னார். அப்பேர்ப்பட்ட வீரனுக்குத்தான் என்னைக் கட்டிக்குடுத்தாங்க.

மாமியார் போய்ச் சேர்ந்தப்புறம் இது இன்னும் அதிகமாப் போச்சு. ஊர்ல ஒருத்தன் வரப்புத் தகராறுன்னு வந்தாலும் சரி, கோயில் கமிட்டிக்காரங்க வந்தாலும் சரி, மாமா வாயே திறக்க மாட்டார். மடியில வெச்சுக்கிட்டு கரக்குனு இழுப்பார். வந்தவங்க டக் சத்தத்துக்குக் காத்திருக்காம எந்திரிச்சுப் போயிடுவாங்க. இதுக்குப் பேர் மரியாதையாம்.

நான் அப்படியெல்லாம் யாரையும் மிரட்டுற ஆளில்லைங்கக்கா. பாப்பா சோறு திங்கலைன்னா மட்டும், "தாத்தாவைக் கூப்பிடட்டுமா"ம்பேன். அது மிரட்டல்ல சேராது. ரெண்டு வாய் கூடப் போகும்.

எனக்கு இருந்த ஒரே நிம்மதி தேர்தல். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். தேர்தல் தேதியை அறிவிச்சாங்கன்னா லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்க எல்லாரும் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். ஓட்டு எண்ணி முடிச்சு, எல்லாம் அடங்கினப்புறம்தான் திருப்பித் தருவாங்க. அந்த ரெண்டு மாசமும் மாமாவைப் பார்க்கணுமே நீங்க. கை சும்மா இருக்க முடியாம முருங்கைக்கீரை உருவிக் குடுப்பார். தட்டைப்பயறு உரிச்சுக் குடுப்பார். போன எம்.பி. தேர்தலப்போ, கைக்குழந்தையா இருந்த இவளைத் தொட்டில்ல போட்டு ஆட்டித் தூங்க வெச்சார். பள்ளிக்கூடத்துல ஜனநாயகம்னு ஒரு பாடம் இருந்துச்சு, வாத்தியார் மனப்பாடம் பண்ணச் சொன்னார், நானும் பண்ணினேன். அதோட அருமை அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

சரி, இந்தத் தடவை என்ன ஆச்சுன்னா, தேர்தல் அறிவிக்கறதுக்குக் கொஞ்ச நாள் முன்னால, நான் சமையல்கட்டுல இடியாப்ப உரலை வெச்சு சந்தகை பிழிஞ்சுக்கிட்டிருக்கேன். ஹால்ல இருந்து கரக், டக். அது வழக்கம்தான். காதுல விழும், மனசுல விழாது. ஆனா அன்னிக்கு டக்குக்குப் பின்னால ஒரு கிலுக். அப்புறம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். தேங்காய் வாங்கும்போது தண்ணி இருக்குதான்னு காதுகிட்ட வெச்சு ஆட்டுவோமில்ல, அதே மாதிரி பிஸ்டலைக் காதுகிட்ட வெச்சு ஆட்டிக்கிட்டிருக்கார். கிலுகிலுங்குது.

"என்னங்க மாமா?"ன்னேன்.

"ஒண்ணுமில்லை அம்மணி, காஞ்சு கிடக்குது. தையல் மெஷினுக்கு ஊத்தற எண்ணெயைக் கொண்டா."

கொண்டாந்து குடுத்தேன். ஊத்தினார். எண்ணெய் குடிச்சுட்டு அது இன்னும் சந்தோஷமாக் கிலுகிலுத்துச்சு. அதைத் துணியில சுத்தி பீரோவுல வெச்சுட்டார். அன்னியிலிருந்து வீட்ல கரக்கும் இல்லை, டக்கும் இல்லை. நான் மாமாவுக்கு உடம்புக்கு முடியலையோன்னு மிளகு ரசம் வெச்சுக் குடுத்தேன்.

மத்த தேர்தலுக்கெல்லாம் ஸ்டேஷன்ல இருந்து ஆள் வந்து கெஞ்சினப்புறம்தான் ஒப்படைப்பார். இந்தத் தடவை அறிவிச்ச மறுநாளே கிளம்பிட்டார். பாப்பாளுக்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்துச்சு, அதனால நானும் அவர் கூடப் போனேன். ஸ்டேஷன்ல துப்பாக்கியை வாங்கி வைக்கிற வேலையில ஒரு புது போலீஸ்காரப் பொண்ணு இருந்துச்சு. மரியசெல்வின்னு பேர். தூத்துக்குடிப் பக்கம். வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரம்கூட ஆகலை. கைக்குழந்தையைப் பெத்த அம்மாகிட்ட விட்டுட்டு இந்தக் கோடிக்கு வந்து வேலை பார்க்குது.

அந்தப் பொண்ணு ஒழுங்காத்தான் கேட்டுச்சு. "ஐயா, ஒரு தடவை இழுத்துக் காமிச்சிருங்க. நல்லா இருக்குன்னு பார்த்துத்தான் நான் எழுதணும்."

மாமா மீசையைத் தடவினார். "யாருக்கு யாரு காமிக்கிறது? சென்னியப்பன் சாமான்ல குறை இருக்குமா? எழுதும்மா, நல்ல நிலைன்னு."

அது எழுதிருச்சு. பெரியவர் சொல்றாரேன்னு எழுதிருச்சு. பாவம், எங்க ஊர்ப் பெரியவங்களைப் பத்தி அதுக்கு யாரும் சொல்லித் தரலை.

தேர்தல் முடிஞ்சுது. யாரோ ஜெயிச்சாங்க, யாரோ தோத்தாங்க. திருப்பி வாங்கப் போனவர் என்ன பண்ணினார் தெரியுங்களா? ஸ்டேஷன்ல அத்தனை பேர் முன்னாலயும் வாங்கினார், கரக்குன்னு இழுத்தார், டக்குன்னு விட்டார், காதுகிட்ட வெச்சு ஆட்டினார். ஆட்டிட்டு ஒரு அதிர்ச்சி ஆனார் பாருங்க. எங்க ஊர்க் கோயில் நாடகத்துல வேஷம் கட்டறவங்க அதைப் பார்த்திருந்தா கத்துக்கிட்டிருப்பாங்க.

"என்னய்யா இது, கிலுகிலுங்குது? நல்ல நிலையில குடுத்த சாமானை இப்படி உடைச்சு வெச்சிருக்கீங்க?"

வீட்டுக்கு வந்தவர் சும்மா இருக்கலை. மேலதிகாரிக்கு மனு போட்டுட்டார். பொறுப்பில் இருந்த காவலர் மேல் நடவடிக்கை எடுக்க வேணும்னு. மனுவை எழுதினது யாரு, எங்க வீட்டுக்காரர்தான். அவர் எழுத்து அழகா இருக்குமாம். நான் கேட்டேன், "ஏனுங்க, அது முன்னாடியே உடைஞ்சதுதானுங்களே?"

"அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்"னார்.

"காதால கேட்டவ நான் சொல்றேன்."

"நீ சந்தகை பிழிஞ்சுக்கிட்டு இருந்திருப்பே."

சந்தகை பிழியறவளுக்குக் காது வேலை செய்யாதுங்கறது எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம், புறக்கடையில துணி துவைச்சுக்கிட்டிருக்கேன். காட்டு வழியா அந்த மரியசெல்வி வந்து நிக்குது. யூனிஃபார்ம் இல்லை, சாதாரண சுடிதார். அப்படிப் பார்த்தா காலேஜ் படிக்கிற புள்ளை மாதிரி இருந்துச்சு.

"அக்கா, ஒரே ஒரு வார்த்தை. அன்னைக்கு நீங்களும் அங்கதான இருந்தீய. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கலக்கா. துணியோட வாங்கி துணியோட வச்சேன். நாளைக்கு என் மேல தப்புன்னு எழுதிட்டாங்கன்னா என் வேலையே நிலைக்காதுக்கா. இனி ஒரு பரிச்சை எழுத எனக்கு வயசும் இல்ல, தெம்பும் இல்ல."

நான் என்னக்கா சொல்ல முடியும்? அந்த வீட்டு மருமக. மாமனாருக்கு எதிரா ஸ்டேஷன்ல போய்ச் சாட்சி சொன்னவன்னு ஊர்ல பேர் எடுத்துட்டு, மறுநாள் யாருக்கு நான் சோறு போடறது? "எனக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு"ன்னுட்டேன். மோர் குடுத்தேன். குடிக்கலை. டம்ளரைத் திருப்பித் தரும்போது, அதோட சுடிதார் முன்பக்கம் ஈரமா இருந்துச்சு. மோர் இல்லைங்கக்கா. புள்ளையை விட்டுட்டு இருக்கறவ. நானும் பால் குடுத்தவதானே, எனக்குத் தெரியாதா.

அப்புறம் எனக்குத் துணி துவைக்க ஓடலை. அலசினதையே திருப்பித் திருப்பி அலசினேன்.

மறுநாள் எல்லாரும் போனோம். மாமா பட்டுக்கரை வேட்டி, எங்க வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டை. விசாரணைக்கு வந்த டி.எஸ்.பி. கண்ணாடி போட்ட ஆள், சத்தம் போடாத ஆள். மேஜை மேல பிஸ்டல். சுவர் ஓரமா மரியசெல்வி. மாமா பேசினார் பேசினார், பரம்பரை, கௌரவம், அவங்கப்பா, அவங்கப்பாவோட அப்பா. எங்க வீட்டுக்காரர் நடு நடுவுல, "ஆமாங்க சார்". டி.எஸ்.பி. எல்லாத்தையும் கேட்டுட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. ஒப்படைக்கும்போது நல்லா இருந்துச்சா?"

மாமா என்னைப் பார்க்கறார். வீட்டுக்காரர் பார்க்கறார். அந்தப் பொண்ணு மட்டும் என்னைப் பார்க்கலை. தரையைப் பார்த்துக்கிட்டு நிக்குது.

நான் சொன்னேன், "எனக்குத் துப்பாக்கியைப் பத்தி என்னங்க சார் தெரியும்? சமையல்கட்டுல கிடக்கறவ. ஆனா மாமா அதை எப்படிப் பார்த்துக்குவார்ங்கறது மட்டும் தெரியும். பெத்த புள்ளையைக்கூட அப்படிப் பார்த்துக்கலை, நீங்களே பாருங்க." எங்க வீட்டுக்காரரைக் காமிச்சேன். "மாமா, நீங்க வீட்ல அதை எப்படிப் பழக்கத்துல வெச்சிருக்கீங்கன்னு சாருக்கு ஒருக்கா செஞ்சு காமிங்க. அப்பத்தான் அதோட அருமை இவங்களுக்கெல்லாம் தெரியும்."

அவ்வளவுதாங்கக்கா நான் சொன்னது. ஒரு வார்த்தை கூடக் குறையச் சொல்லலை.

மாமா முகத்துல வந்த வெளிச்சத்தைப் பார்க்கணுமே. ரெண்டு மாசத்துக்கு மேல ஆசை தீர இழுக்காத கை. நாற்காலியை இழுத்துப் போட்டு, காலைப் பரப்பி உக்காந்து, பிஸ்டலை எடுத்தார். கரக். மேல ஓடற ஃபேன். டக், கிலுக். கரக். சுவர்ல காலண்டர். டக், கிலுக். கரக். தண்ணி டிரம். ஏட்டோட தொப்பி. நிறுத்தவே இல்லை. இந்தக் கிலுக் சத்தம் அவர் காதுல விழவே இல்லை, அப்படி ஒரு ஆனந்தம்.

"தினமும் இப்படித்தான் பண்ணுவீங்களா?"ன்னு டி.எஸ்.பி. மெதுவாக் கேட்டார்.

"பின்னே? கை வழக்கம் போயிருமில்லீங்க. காலையில எந்திரிச்சதும், சாப்பாட்டுக்கு முன்னால, சாப்பிட்டுட்டு. டி.வி. ஓடற வரைக்கும்."

"தோட்டா போட்டா?"

"தோட்டா எதுக்குங்க? வெறுமனேதான். முப்பது வருஷமா ஒரு நாள் விட்டதில்லை."

டி.எஸ்.பி. கண்ணாடியைக் கழட்டினார். துடைச்சார். மாட்டிக்கிட்டார். அப்புறம் மரியசெல்வியைப் பார்த்து, "ஏம்மா, பயிற்சியில முதல் பாடம் என்ன சொல்லித் தந்தாங்க?"ன்னார்.

அது விறைப்பா நின்னு சொல்லுச்சு. "வெறும் ஆயுதத்தை விளையாட்டுக்கு இழுத்து விடக் கூடாதுங்க ஐயா. ஊசி முனை முறிஞ்சு போயிரும்."

மாமா கையில இருந்ததைப் பார்த்தார். முதல் தடவையா அதுக்கு உள்ளே ஏதோ இருக்குதுன்னு பார்க்கற மாதிரி பார்த்தார். மேஜை மேல மெதுவா வெச்சார். எங்க வீட்டுக்காரர் பழக்கதோஷத்துல, "ஆமாங்க சார்"னார்.

"மனுவைத் திரும்ப வாங்கிக்கறீங்களா ஐயா, இல்லை இதே பழக்கத்தை வெச்சு லைசென்ஸையும் சேர்த்து விசாரிக்கட்டுமா?"ன்னார் டி.எஸ்.பி.

வாங்கிக்கிட்டார். வாங்காம?

இப்ப ஸ்டேஷன் பக்கம் போனா எனக்கு ஒரு சல்யூட் கிடைக்குதுங்க. போன வாரம் அந்தப் பொண்ணோட அம்மா புள்ளையைக் கொண்டாந்து விட்டிருக்காங்க, கொழு கொழுன்னு இருக்குது. இதழினியோட பழைய சட்டை நாலு கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தேன்.

அன்னிக்கு எல்லாரும் ஆட்டோவுலதான் திரும்பினோம். ஊர் எல்லை வந்தப்புறம் மாமா, "அம்மணி, நீ வேணும்னுதான் காமிக்கச் சொன்னியா?"ன்னார்.

"நானுங்களா மாமா? உங்க பெருமையை நாலு பேர் பார்க்கட்டுமேன்னு சொன்னேன்"னேன். நம்பிட்டார். நம்பாம என்ன? என் முகம் அப்படி. எங்கம்மாவே சொல்லும், கோகிலவாணி மூஞ்சியில பொய் ஒட்டாதுன்னு.

அன்னியிலிருந்து வீடு வீடா இருக்குதுங்க. மாமா மறுபடி முருங்கைக்கீரை உருவறார். பாப்பாளுக்குத் தலை சீவி விடறார், கோணலாத்தான் இருக்கும், இருக்கட்டும். வரப்புத் தகராறுன்னு வந்தவங்ககிட்ட வாயைத் திறந்து பேசினார். பேசத் தெரிஞ்சவர்தான் போல, இத்தனை வருஷமா எங்களுக்குத் தெரியாமப் போச்சு.

அப்படியே இருந்துட்டா என்னன்னு எனக்குத் தோணுமா தோணாதா? நீங்களே சொல்லுங்க. அதனாலதான் இந்த ரிப்பேர் பேச்சு வந்ததும், நான் முந்திக்கிட்டு அந்தக் கடைக்குப் போன் போட்டேன். "ஊசி இருக்குது, கொண்டாங்க, உக்கார்ந்திருக்கும்போதே மாத்திக் குடுத்துடறேன்"னார் கடைக்காரர். "வேண்டாங்கண்ணா, இந்தப் பழைய பிஸ்டலுக்கு ஊசி கிடைக்காது, கல்கத்தாவுல இருந்து வரணும், எப்ப வரும்னு தெரியாதுன்னு மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, புண்ணியமாப் போகும்"னேன். அவரும் கல்யாணமானவர் போல, சரிம்மான்னுட்டார்.

பொய்யா? சேச்சே. மாமா சொன்னது பொய், அதுல ஒருத்தியோட வேலை போயிருக்கும். இது குடும்பம் நடத்தறது.

இருங்க, மாமா திரும்பறார். எந்திரிச்சு வர்றார் பாருங்க, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. சூலூர் வந்துருச்சா? பையைக் கொஞ்சம் நகர்த்திக்கறீங்களாக்கா.

என்னங்க மாமா? தண்ணியா? குடுத்தேன், குடுத்தேன், பாப்பா இப்பத்தான் குடிச்சா. ஜன்னலை மூடிட்டேன். சரிங்க மாமா. என்னது? சரி… சரிங்க. நான்… சரிங்க மாமா.

போயிட்டார்.

காதுல விழுந்துச்சுங்களாக்கா? விழலையா? குனிஞ்சு சொன்னார். "நேத்து நானும் அந்தக் கடைக்காரனுக்குப் போன் போட்டேன் அம்மணி. ஊசி இருக்குதான்னேன். உண்டு இல்லைன்னு எதுக்கும் வாயைத் திறக்காம, 'உங்க மருமக என்ன சொன்னாங்களோ அப்படியே'ங்கறான்"னு சொல்றார். சொல்லிட்டு, பாப்பா தலையைத் தடவிக்கிட்டே, "இல்லைன்னே சொல்லட்டும் விடு. அவசரமில்லை. மாசம் ஒருக்கா வந்து கேட்டுட்டுப் போலாம். பாப்பாளுக்கு பஸ்ஸுன்னா ஆசை"ன்னார்.

சிரிக்கறீங்களாக்கா? சிரிங்க, நல்லாச் சிரிங்க. ஒரே ஒரு பொய், சொல்லிக்குடுத்த பொய், அதை ஒழுங்காச் சொல்லத் தெரியலை அந்த ஆளுக்கு. இவரெல்லாம் துப்பாக்கிக் கடை வெச்சு நடத்தறாராம்.